படகின் அடியில் ஒட்டி வந்த பகை

நான் இளங்குருவாகக் கடலோரப் பங்கொன்றில் பணியாற்றிய நாள்களில் அன்றாடம் கண்ட காட்சி இது. விடியுமுன் கடலுக்குச் சென்ற கட்டுமரங்கள் முற்பகலில் கரை சேரும். மீனை இறக்கியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்து, மணலில் காயப் போடுவார்கள். மரம் நீரைக் குடித்துக் கனத்துப் போகாதிருக்கவே அவ்வாறு செய்வதாகப் பெரியவர்கள் எனக்குச் சொன்னார்கள். அதில் வேறொரு நன்மையும் அடங்கியிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, கடல் உயிர்களைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன். நாள்தோறும் வெயிலில் காயும் மரத்தில் எந்தக் கடல் உயிரும் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்த முடியாது.

மாதக்கணக்கில் நீரிலேயே கிடக்கும் படகின் கதை வேறு. முதல் சில நாள்களில் அதன் அடிப்பாகத்தில் வழுவழுப்பான ஒரு படலம் படிகிறது. அதன்மேல் பாசி முளைக்கிறது. பின்னர், கால்பட்டால் கிழிக்கும் வெண்ணிறக் கூம்புகளாகக் கல்லிலும் மரத்திலும் நாம் காணும் கொட்டலசுகள் வந்து அமர்கின்றன. அவற்றின் இடுக்குகளில் சிப்பிகளும், புழுக்களும், சிறு நண்டுகளும் இடம் பிடிக்கின்றன. சில மாதங்களில் படகின் அடியில் ஒரு சிற்றூரே உருவாகிவிடுகிறது. படகு புறப்படும்போது அவ்வூரும் உடன் புறப்படுகிறது!

பெருங்கப்பல்களுக்கும் இத்தொல்லை உண்டு. ஆயினும் அவை விரைந்து ஓடுபவை. குறித்த காலத்தில் உலர்துறையில் ஏற்றித் துப்புரவு செய்யப்படுபவை. பொழுதுபோக்குக்காகச் செல்வோரின் பாய்மரப் படகுகளும் விசைப்படகுகளும் அவ்வாறல்ல. ஒரு துறையில் பல மாதம் அசையாது நிற்கும். பிறகு மெல்ல நகர்ந்து அடுத்த துறைக்குப் போகும். பெருங்கப்பல் நுழைய முடியாத சிறு குடாக்களிலும் தீவுகளின் ஒதுக்குப்புறங்களிலும் நங்கூரம் போடும். அடிப்பாகம் முழுவதும் நச்சுப்பூச்சு பூசியிருந்தாலும், சுக்கானின் இடுக்கிலும், இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாயினுள்ளும் தூரிகை எட்டுவதில்லை. ஒட்டி வாழும் உயிர்களுக்கு அந்த இடுக்குகளே போதுமானவை.

அந்தப் பூச்சுக்கும் ஒரு சோகக் கதை உண்டு. வெள்ளீயம் கலந்த ஒருவகைப் பூச்சு, படகில் எதையும் ஒட்டவிடாது என்று புகழப்பட்டு உலகெங்கும் பரவியது. 1970-களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் ஆர்க்கஷோன் குடாவில், உணவுக்காக வளர்க்கப்பட்ட சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்து தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. உல்லாசப் படகுகளின் பூச்சிலிருந்து கசிந்த நஞ்சே காரணம் என்று கண்டு, 1982-இல் சிறு படகுகளுக்கு அந்நாடு அதனைக் கட்டுப்படுத்தியது. உலக அளவிலான தடை 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒட்டவிட்டாலும் கேடு, ஒட்டாமல் தடுக்க முற்பட்டாலும் கேடு என்ற இக்கட்டில் கடலோடிகள் அன்று நின்றார்கள்.

இனி டார்வின் நகருக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் வட முனையில், இந்தோனேசியத் தீவுகளை நோக்கியவாறு அமைந்த துறைமுக நகரம் அது. அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 8 மீட்டர் வேறுபாடு உண்டு. நம் கடற்கரைகளில் ஒரு முழம் இரு முழம் ஏறி இறங்கும் நீரையே பார்த்துப் பழகிய நமக்கு அது வியப்பாகத் தோன்றும். நீர் அவ்வளவு இறங்கும் இடத்தில் படகுகள் தரைதட்டாமல் மிதக்க வேண்டுமென்று, கால்வாய் மதகு போன்ற கதவுகள் அமைத்து, உள்ளே நீரைத் தேக்கிப் படகுத்துறைகளைக் கட்டியிருக்கிறார்கள். இத்தகைய துறைகளை அங்கே மெரீனா என்பார்கள். நம் சென்னைக் கடற்கரையோடு வாசகர்கள் குழப்பிக்கொள்ளலாகாது. கல்லன் பே என்பது அவற்றுள் ஒன்று. உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுகள் பல அங்கே தங்கிச் செல்வது வழக்கம்.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மூழ்காளர்கள் டார்வின் துறைமுகத்து உயிர்களைக் கணக்கெடுத்தார்கள். குறிப்பிடத்தக்க அந்நியச் சிப்பி எதுவும் அப்போது அகப்படவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, 1999 மார்ச் இறுதியில் மீண்டும் அதே இடத்தில் மூழ்கிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். கல்லன் பே துறையின் தூண்களிலும் மிதவைகளிலும் படகுகளின் அடியிலும் ஒரு சிறு சிப்பி கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. மிக அடர்ந்திருந்த இடங்களில் ஒரு சதுர மீட்டருக்கு 20,000-க்கும் மேற்பட்ட சிப்பிகள்! அடுத்தடுத்த நாள்களில் மேலும் இரு படகுத்துறைகளிலும் அதே சிப்பி கண்டெடுக்கப்பட்டது.

அதன் பெயர் கருங்கோட்டுச் சிப்பி எனப் பொருள்படும். நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். நம் கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கே உள்ள வெப்பக் கடல். உறுதியான நூலிழைகளைச் சுரந்து எதிலும் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு பொரித்த ஒரு மாதத்திலேயே இனம் பெருக்கத் தொடங்கிவிடும். ஒரு பெண் சிப்பி ஆயிரமாயிரமாக முட்டையிடும். உப்பு நீரிலும் வாழும், மழையால் உப்பு மங்கிய கழிமுகத்திலும் வாழும். எந்தப் படகு அதனை டார்வினுக்குக் கொண்டுவந்தது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. உல்லாசப் படகொன்றின் அடியில் ஒட்டியே வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு.

இத்தனை சிறிய உயிருக்கு ஏன் இத்தனை கலக்கம் என்று கேட்கலாம். டார்வினை ஒட்டிய வடகடல், முத்து வளர்க்கும் கடல். முத்துக்குளித்துறை என்றே பெயர்பெற்ற கரையில் பிறந்த நம்மவர்க்கு முத்துச்சிப்பியின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே பெரிய முத்துச்சிப்பிகளை வலைச்சட்டங்களில் பொருத்திக் கடலில் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் பேணுகிறார்கள். அவற்றின்மேல் இச்சிறு சிப்பி அடர்ந்து படிந்தால் முத்துச்சிப்பிக்கு உணவும் நல்ல நீரும் கிட்டாமற் போகும். ஒரு தொழிலும் அதை நம்பிய குடும்பங்களும் ஆட்டங்காண நேரும்.

அரசு தயங்கவில்லை. ஒரு வாரம் கடப்பதற்குள் மூன்று துறைகளின் கதவுகளும் மூடப்பட்டன. படகுகள் வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. பிறருக்கு உரிமையான படகில் ஏறிச் சோதிக்கவும் மருந்திடவும் சட்டத்தில் இடம் வேண்டுமே! அதற்கான அதிகாரமும் அவசரமாகப் பெறப்பட்டது. பின்னர் அந்த நீரில் குளோரின் திரவத்தைக் கொட்டினார்கள். 150 டன்னுக்கு மேல் கொட்டினார்கள். அதனோடு, நம் உழவர்கள் நன்கறிந்த மயில்துத்தத்தையும் டன் கணக்கில் கரைத்தார்கள். படகுகளின் உட்குழாய்களிலும் மருந்து செலுத்தப்பட்டது. ஏற்கெனவே துறையை விட்டுப் போய்விட்ட படகுகளைக் கரை நெடுகத் தேடிப் பிடித்து, நூற்றுக்கணக்கான படகுகளின் அடியைப் பார்வையிட்டார்கள். 200-க்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். இருபது லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாயிற்று. ஏப்ரல் மாதம் முடிவதற்குள் உயிருள்ள ஒரு கருங்கோட்டுச் சிப்பிகூட அத்துறைகளில் எஞ்சவில்லை.

சிப்பி மட்டுமா அழிந்தது? அந்நீரில் வாழ்ந்த மீனும் நண்டும் சேர்ந்தே மடிந்தன. வெளிக்கடலைக் காப்பதற்காக உள்நீரைக் கொன்றார்கள் என்றே சொல்ல வேண்டும். எளிதில் எடுத்த முடிவாக அது இருந்திருக்க முடியாது. கதவுகள் மீண்டும் திறந்தபின் கடலின் உயிர்கள் மெல்ல உள்ளே வந்து குடியேறின என்பது ஓரளவு ஆறுதல்.

கடலில் பரவிவிட்ட அந்நிய உயிரொன்றை அடியோடு ஒழித்த நிகழ்ச்சிகள் உலகில் மிகச் சிலவே. டார்வின் வென்றதற்கு அந்த ஊரின் செல்வமோ அறிவியலோ மட்டும் காரணமன்று. முதற்கணக்கெடுப்பு நடந்திருந்ததால், வந்திருப்பது புதிது என்று உடனே புரிந்தது. கடல் வற்றத்துக்கு அஞ்சிக் கட்டிய கதவுகள், எதிர்பாராத வகையில் சிறைக்கதவுகளாகப் பயன்பட்டன. அதே சிப்பி திறந்த குடாவில் விழுந்திருந்தால், எத்தனை டன் மருந்தைக் கொட்டியும் பயனிராது.

அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. டார்வினைக் கலக்கிய இதே கருங்கோட்டுச் சிப்பி, 1967-ஆம் ஆண்டிலேயே நம் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கண்டறியப்பட்டது. அங்கே அதைக் கொண்டுவந்தவை கப்பல்களாகவே இருக்க வேண்டும். உல்லாசப் படகுகளுக்கு அன்று அங்கே என்ன வேலை? மூடுவதற்கு அங்கே கதவு இல்லை. கப்பல்களின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் அது அடைஅடையாய்ப் படிந்தது. பின்னர் மும்பையிலும் தோன்றியது. ஒரே சிப்பி, இரு துறைமுகங்கள். ஒன்றில் ஒரு மாதத்தில் ஒழிந்தது. மற்றொன்றில் அரை நூற்றாண்டு கடந்தும் நிலைத்துவிட்டது.

எண்ணூர் முகத்துவாரத்து மக்கள் அண்மை ஆண்டுகளில் காக்கா ஆழி என்று பெயரிட்டு அழைக்கும் கரிய சிப்பியும் அமெரிக்கக் கடலிலிருந்து வந்த மற்றோர் இனமே. கொசஸ்தலை ஆற்றின் அடித்தரையை அது பாய்போல் மூடிவிட, சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லாது போயிற்று என்பது அங்குள்ள மீனவரின் முறையீடு. பசுமைத் தீர்ப்பாயம் வரை அது சென்றது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் அதே சிப்பி பெருகிக் கிடக்கிறது. இவையும் பெருங்கப்பல்களின் வழியே வந்தவை என்றே கருதப்படுகின்றன. ஆனால் ஏறிவந்த கலம் எதுவாயினும் இறாலை இழந்தவனுக்கு என்ன வேறுபாடு?

பிறர் கடலின் உயிர் மட்டுமே நமக்குப் பகையாக வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. நம் கரைகளில் விரும்பி உண்ணப்படும் பச்சைச் சிப்பி, இங்கே யாருக்கும் தொல்லையன்று. மீனும் நண்டும் தின்கின்றன, மனிதரும் பறித்துச் சமைக்கிறார்கள். அளவு மீறாமல் நிற்கிறது. அதே இனம் 1990-இல் டிரினிடாட் தீவில் தோன்றியது. 1999-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தம்பா குடாவை அடுத்த மின்நிலையத்தில் நீர் உறிஞ்சும் சுரங்கங்களை அடைத்துக்கொண்டு கிடந்தது. கருங்கோட்டுச் சிப்பியும் டார்வினும் நாளேடுகளில் அடிபட்ட அதே ஆண்டு! தன் வீட்டில் சாதுவாக இருப்பது, கட்டுப்படுத்துவோர் இல்லாத இடத்தில் பேரழிவு செய்கிறது. சிப்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தன் இயல்பைத்தான் செய்கிறது.

அப்படியானால் படகுக்காரர்களைக் குறை சொல்வதா? அவர்கள் எல்லாரும் பெருஞ்செல்வர்கள் அல்லர். ஓய்வுபெற்றபின் வீட்டை விற்றுப் படகு வாங்கி, கணவனும் மனைவியுமாகக் கடல் சுற்றுவோரும் அவர்களில் உண்டு. நீருக்கடியில் எதைச் சுமந்து வருகிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆயினும் கணக்கு நேராக இல்லை என்பதை மறைக்க முடியாது. படகை உலரவைத்துச் சுரண்டப் பணம் செலவாகும். ஓராண்டு தள்ளிப்போட்டால் அது மிச்சம். அந்த மிச்சத்துக்கான விலையை, அப்படகை ஒருபோதும் பார்த்திராத முத்து வளர்ப்போரும் மீனவரும் கொடுக்கிறார்கள்.

சட்டங்கள் மெல்லத்தான் வருகின்றன. கப்பல்கள் சமநிலைக்காக வயிற்றில் சுமக்கும் நீரைப் பற்றிய உலக உடன்படிக்கை 2004-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. சிறு உல்லாசப் படகுகளுக்கு 2012-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு தந்தது வழிகாட்டுதல் மட்டுமே, கட்டாயமன்று. நியூசிலாந்து நாடு ஒரு படி மேலே சென்று, 2018 மே முதல் தன் எல்லைக்குள் வரும் கலம் எதுவாயினும் அதன் அடிப்பாகம் தூய்மையாக இருக்க வேண்டுமென்று விதித்துவிட்டது.

டார்வினிலோ, 1999-க்குப் பிறகு வழக்கமே மாறிவிட்டது. அயல்நாட்டிலிருந்து வரும் பாய்மரப் படகு நேரே படகுத்துறைக்குள் நுழைய முடியாது. வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். மூழ்காளர் ஒருவர் நீரில் இறங்கி, அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்து, சுக்கான் இடுக்கையும் துளைகளையும் சோதிக்கிறார். உட்குழாய்களில் மருந்து நீரை நிரப்பிப் பல மணி நேரம் அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள். அதன் பின்பே மதகுக் கதவு திறக்கிறது. அவ்வாறு சோதித்த கலங்களின் அடியில் அதே கருங்கோட்டுச் சிப்பி, பின்வந்த ஆண்டுகளிலும் சிலமுறை அகப்பட்டிருக்கிறது.