பெரிய வகுப்பு வாசிக்க, சின்ன வகுப்பு கேட்க... 'ஜோடி வாசிப்பு' எப்படி உதவுகிறது?

வாசிப்பில் தடுமாறும் 8ஆம் வகுப்பு மாணவர், சின்னப் பசங்க புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூச்சப்படுவார். அதையே 4ஆம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொன்னால்? கூச்சம் போய், பொறுப்பு வந்துவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் இதற்கு 'ரீடிங் படீஸ்' என்று பெயர்.

வரலாற்றுக் கதைகள் ஏன்?

லோயிஸ் லோரி 1989இல் எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' நாவலைப் பார்ப்போம். 1943, நாஜிக்களின் பிடியில் டென்மார்க். 10 வயது ஆன்மேரியின் குடும்பம், யூதத் தோழி எல்லனைக் காப்பாற்றப் போராடுகிறது.

"இதெல்லாம் நெஜமா நடந்துச்சா?" என்று சின்னவர் கேட்பார். பதில் தேடுவது பெரியவர் வேலை. ஆன்மேரி கற்பனைதான். ஆனால், சுமார் 7,000 யூதர்கள் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பியது உண்மை. எது நிஜம், எது கற்பனை என்பதை நூலின் பின்னுரையில் லோரியே பிரித்துச் சொல்கிறார்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

* பெரியவர் முந்தைய நாளே ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சின்னவர் முன்னால் திணறி, பழைய கூச்சமே திரும்பிவிடும்.
* பயமூட்டும் இடங்களில் நிறுத்திப் பேச வேண்டும்.
* பதில் தெரியலைன்னா, "நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழக்க வேண்டும்.