பதுளையிலிருந்து தேசிய அணிக்கு எத்தனை வருடம்?

மடுல்சீமையிலோ பூனாகலையிலோ பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பிரட்டுக்களத்தில் டென்னிஸ் பந்தை நன்றாகச் சுழற்றுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் இலங்கை அணியின் தொப்பியைப் போட எத்தனை வருடம் பிடிக்கும்? இப்படியொரு கேள்விக்கு வருடம், மாதம், நாள் என்று கணக்குச் சொல்லக்கூடிய விளையாட்டு ஒன்று உலகில் உண்டு. அது அமெரிக்காவின் பேஸ்போல். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் நம்முடைய பையன் எங்கே நிற்கிறான் என்பதும் விளங்கும்.

1965 முதல் வருடந்தோறும் அங்கே 'ட்ராஃப்ட்' நடக்கிறது. உச்சப் படியான மேஜர் லீக்கின் 30 அணிகளும் முறை வைத்து, பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் ஆடும் இளைஞர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். முன்பு இன்னும் கூடுதலாக இருந்த சுற்றுகள் 2012 முதல் 2019 வரை 40 ஆக இருந்தன; 2021 முதல் 20 சுற்றுகள். அப்படியும் வருடத்துக்கு ஏறத்தாழ 600 பேர் தெரிவாகிறார்கள். தெரிவான மறுநாளே பெரிய மைதானத்தில் இறங்கிவிட முடியாது. ஒவ்வொரு அணிக்கும் கீழே மைனர் லீக் எனப்படும் படிகள் இருக்கின்றன. புதியவர்களுக்கான படி, அதற்கு மேல் ஏ நிலையில் இரண்டு, பிறகு டபுள் ஏ, கடைசியில் ட்ரிபிள் ஏ. பொதுவாக இந்த ஏணியை ஏறி முடிக்க மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும். 21 வயதில் கல்லூரியிலிருந்து வருபவர் சற்று வேகமாக ஏறுவார். 18 வயதில் பாடசாலையிலிருந்து வருபவருக்குக் கூடுதல் காலம் வேண்டும். முதற்சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எப்படியும் மேலே போய்விடுவார்கள். கடைசிச் சுற்றுகளில் வந்தவர்களில் பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுவார்கள்.

சராசரியைச் சொல்லிவிட்டேன். ஆனால் அதன் இரு பக்கமும் விழுந்தவர்களின் கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2023 ஜூலையில் முதலாவதாகத் தெரிவான பால் ஸ்கீன்ஸ், 2024 மே 11 அன்றே பிட்ஸ்பர்க் அணிக்காகப் பந்து வீசினார். பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அதே பிட்ஸ்பர்க் அணி 2010இல் தெரிவு செய்த ட்ரூ மாகி, 13 பருவங்கள் சிறிய ஊர்களின் மைதானங்களில் ஆடி, பல அணிகள் மாறி, கடைசியில் 2023 ஏப்ரல் 26 அன்று அதே பிட்ஸ்பர்க் சீருடையில் முதன்முதலாக மட்டை பிடித்தார். மைக் பியாட்சா 1988இல் 62ஆம் சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். நான்கே வருடத்தில் மேலே வந்தார். பின்னர் அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். 1991இல் முதலாவதாகத் தெரிவான பிரையன் டெய்லராலோ தோள் காயத்துக்குப் பிறகு மேஜர் லீக்கின் பக்கமே வர முடியாமல் போனது.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. காத்திருக்கத் தொடங்கிய நாள் இன்னதென்று இவர்களுக்குத் தெரியும். காத்திருந்த காலத்தில் ஒரு சம்பளமும் வந்தது. அது வெகுகாலம் மிகக் குறைவாகத்தான் இருந்தது. வீரர்கள் போராடித்தான் அது மாறியது. 2022இல் அணிகள் தங்குமிடம் கொடுக்கத் தொடங்கின. 2023இல் மைனர் லீக் வீரர்களின் முதலாவது கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானபோது ட்ரிபிள் ஏ நிலைக்கான குறைந்தபட்ச ஊதியம் வருடத்துக்கு 35,800 டொலராக உயர்ந்தது. கூட்டு ஒப்பந்தம் என்றால் என்னவென்று தோட்டத்து வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இலங்கைக் கிரிக்கெட்டில் ட்ராஃப்ட் கிடையாது. 13, 15, 17, 19 வயதுக்குட்பட்ட பாடசாலைப் போட்டிகள், அவற்றுக்கு மேல் கழகக் கிரிக்கெட், அதற்கு மேல் 'ஏ' அணி, பிறகு தேசிய அணி என்பதுதான் நம் ஏணி. இதிலும் வேகமானவர்களும் நெடுங்காலம் காத்திருந்தவர்களும் உண்டு. துனித் வெல்லாலகே 2022 தொடக்கத்தில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் அணித்தலைவர். அதே வருடம் ஜூனில் பல்லேகலவில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் ஆடினார். கமிந்து மெண்டிஸ் 2022 ஜூலையில் தமது முதல் டெஸ்டில் அரைச்சதம் அடித்தும், அடுத்த டெஸ்டுக்கு 2024 மார்ச் வரை காத்திருந்தார். சில்ஹெட்டில் அந்த வாய்ப்பு கிடைத்தபோது இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ரங்கன ஹேரத் 1999இலேயே டெஸ்ட் தொப்பி பெற்றவர். அணியில் நிலையான இடம் கிடைக்கப் பத்து வருடம் ஆனது. இங்கிலாந்தில் ஒரு உள்ளூர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவரை 2009இல் காலிக்கு அழைத்தார்கள். ஓய்வு பெறும்போது அவர் பெயரில் 433 விக்கெட்டுகள் இருந்தன.

முத்தையா முரளிதரனின் கணக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. 1991இல் சிறந்த பாடசாலை வீரர் விருது. அதே வருடம் 'ஏ' அணியோடு இங்கிலாந்து போய் ஒரு விக்கெட்கூட இல்லாமல் திரும்பினார். 1992 ஓகஸ்ட் 28 அன்று கெத்தாராமவில், இருபது வயதில், முதல் டெஸ்ட். பாடசாலையிலிருந்து தேசிய அணிக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்று புத்தகம் சொல்லும். ஆனால் அந்தக் குடும்பத்தின் கணக்கு வேறு. அவருடைய பாட்டனார் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் தொடங்கினார். பிள்ளை கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைப் பார்த்து, சுழற்பந்துக்கு மாறு என்று சொல்ல அங்கே சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்சியாளர் இருந்தார். தேயிலை மலையிலிருந்து டெஸ்ட் மைதானத்துக்கு வர மூன்று தலைமுறை பிடித்தது. தெரிவுக்குப் பிந்திய ஒரு வருடத்தை மட்டும் பதிவு செய்யும் எந்தப் பட்டியலிலும் இது வராது.

பதுளை அடங்கும் ஊவாவின் சிக்கலும் இதுதான். நம் பிள்ளைகளின் காத்திருப்பு தெரிவுக்கு முன்னால் நடக்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, நமுனுகுல பக்கம் சமதரை கிடைப்பதே அரிது. கிடைத்த இடத்தில் நடப்பது மென்பந்து ஆட்டம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றுப்போட்டி வைப்பார்கள். அதில் கண்ணைப் பறிக்கும் வீரர்கள் இருக்கிறார்கள். தேசிய ஏணியோ கடினப்பந்தில்தான் தொடங்குகிறது. அதற்குக் கால்காப்பு, கையுறை, தலைக்கவசம், மட்டை, அதற்கேற்ற ஆடுகளம், தெரிந்த பயிற்சியாளர் எல்லாம் வேண்டும். நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் ஆன வீட்டில் ஒரு நல்ல மட்டை வாங்குவது என்பது கொழுந்துக் கூடையோடு பல நாள் மலை ஏறி இறங்குவதாகும்.

அடுத்த தடை வயது. பேஸ்போலில் 18 முதல் 22 வரையான வருடங்களை அணியே பொறுப்பெடுத்து வளர்க்கிறது. நம் ஏணியில் முடிவைத் தீர்மானிப்பவை 15 முதல் 19 வரையான வருடங்கள். தோட்டத்துப் பையன்கள் பலர் சாதாரண தரப் பரீட்சை முடித்து, கொழும்பில் கடைக்கோ ஹோட்டலுக்கோ வேலைக்குப் பஸ் ஏறுவது சரியாக அந்த வயதில்தான். அவன் போகும் ஊரில்தான் முதல்தரக் கழகங்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. அவன் அந்த மைதானங்களின் மதிலைத் தாண்டிப் போவது வேலைக்காரனாக மட்டுமே. இதை நான் திறமைக் குறைவு என்று ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

தாமதமாகக் கண்டெடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் பேஸ்போலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2008இல் இந்தியாவில் வேகமாக எறிபவரைத் தேடி ஒரு போட்டி நடத்தினார்கள். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களைச் சேர்ந்த ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் அமெரிக்கா போய் சில மாதப் பயிற்சியில் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் செய்தார்கள். கைவேகம் இருந்தது, முயற்சியும் இருந்தது. ரிங்கு ஏ நிலை வரை ஏறினார். அதற்கு மேல் போக இருவராலும் முடியவில்லை. பத்து வயதில் கையில் ஏற வேண்டியதை இருபதில் ஏற்றுவது அவ்வளவு கடினம்.

பக்கத்தில் ஒரு நல்ல உதாரணமும் உண்டு. யாழ் மத்திய கல்லூரி மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு ஆடியபோது அவருக்கு 19 வயது நிரம்பவில்லை. 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024 மே மாதம் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்கும் ஆடினார். கடினப்பந்து ஆடும் பழைய பாடசாலை ஒன்றும், ஊர்ப்பெயரில் ஓர் அணியும் இருந்ததால் அந்த வழி மூன்றரை வருடத்துக்குள் அடங்கியது. ஊவாவின் பெயரிலும் ஓர் அணி இருந்தது. 2012இல் 'ஊவா நெக்ஸ்ட்' இலங்கை பிரீமியர் லீக் கிண்ணத்தையே வென்றது. ஆட்டங்கள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலவிலும் நடந்தன. பதுளைப் பாடசாலைப் பையனுக்கு அந்த வெற்றியால் ஓர் ஆடுகளம்கூடக் கிடைக்கவில்லை.

கேட்க வேண்டியது பெரிய அரங்கம் அல்ல. பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் இரண்டு மூன்றிலாவது கடினப்பந்து அணி வேண்டும். பயிற்சியாளருக்கு முழுநேரச் சம்பளம் வேண்டும். தோட்டங்களிலிருந்து தெரிவாகும் பிள்ளை 15 வயது முதல் 19 வயது வரை தங்கிப் படிக்க ஒரு விடுதியும், வேலைக்குப் போகாததால் வீடு இழக்கும் வருமானத்தில் ஒரு பங்கை ஈடுசெய்யும் உதவித்தொகையும் வேண்டும். ஊவா மாகாண சபையின் கல்வித் திணைக்களமும், இலங்கைக் கிரிக்கெட் நிறுவனமும், தோட்டக் கம்பனிகளும் சேர்ந்து முதல் வருடம் பத்துப் பிள்ளைகளை இப்படி எடுக்கட்டும். அந்தப் பத்துப் பேரின் பெயருக்கு எதிரே தெரிவான திகதியை எழுதட்டும்.