இணைய வானொலியைப் பதிந்து வைத்தல்

திருவனந்தபுரத்தில் வானொலி நிலையம் 1943ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முயற்சியால் தொடங்கப்பெற்றது. 1950 ஏப்ரல் முதல் தேதியன்று அது அகில இந்திய வானொலியின் நிர்வாகத்துக்கு மாறிற்று. அக்காலந்தொட்டு வானொலி கேட்போருக்கு ஒரு கட்டாயம் இருந்துவந்தது. நிலையம் பேசும் வேளையில் கேட்பவர் பெட்டியருகே இருந்தாக வேண்டும். 'வயலும் வீடும்' என்ற மலையாள வேளாண் நிகழ்ச்சி ஒலிக்கும்போது, அதனால் பெரிதும் பயனடையக்கூடிய களப்பணியாளர் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருப்பார். நல்லதோர் அறிவியலுரை ஒலிபரப்பாகும்போது ஆசிரியர் வேறொரு வகுப்பில் இருப்பார். பேச்சு காற்றோடு போய்விடும்.

இடத்தாலும் இடையூறு உண்டு. நம் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டில் நாகர்கோவிலில், பண்பலையில் தொடங்கிற்று. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. குறுக்கே மலை நின்றால் அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் ஒலி மங்கிவிடும். மத்திய அலை தொலைதூரம் செல்லுமாயினும் மின்னலடிக்கும் மாலைகளில் அதன் இரைச்சலைக் கேட்டவர் மறக்கமாட்டார்.

இவ்விரு கட்டுகளையும் இணையம் பெரும்பாலும் தளர்த்திவிட்டது. பிரசார் பாரதி இன்று ஆகாசவாணியின் பல நிலையங்களை இணையத்தின் வாயிலாகவும் அளித்துவருகிறது. எனினும் கேட்பதற்கு வசதி வந்த அளவுக்கு, பதிந்து வைப்பதைப் பற்றிய அறிவு பரவவில்லை. அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு பென்டிரைவும் அதில் அடங்கும் ஒரு மென்பொருளும் போதும்.

ஒலி வந்து சேரும் விதம்

நிலையத்தில் பேசுவோரின் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கப்படுகிறது. பின்னர் அது சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு இணைய வழியே அனுப்பப்படுகிறது. பொட்டலங்கள் ஒரே சீராக வருவதில்லை. சில விரைந்து வரும், சில தாமதிக்கும். ஆகவே கேட்கும் மென்பொருள் சில விநாடிகளுக்குரிய ஒலியை முன்னதாகவே சேமித்துக்கொண்டு, அதிலிருந்து ஒலிக்கச் செய்கிறது. குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், மாடித் தொட்டி இருக்கும் வீட்டில் குழாய் சீராக ஓடுவது போன்றதே இது. தொட்டி வற்றிவிட்டால் பேச்சு நடுவில் நின்றுபோகும்.

இச்சேமிப்பினால் இணைய ஒலி, அலைவழி வரும் ஒலிக்குப் பிந்தியே கேட்கும். சில வேளை அரை நிமிடத்துக்கும் மேற்பட்ட தாமதம் ஏற்படும். இணைய வானொலியின் நேரக்குறிப்பைக் கேட்டுப் பள்ளிக் கடிகாரத்தைத் திருத்துதல் கூடாது.

பதிவுக்கு வேண்டிய இடம் மிகக் குறைவே. விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் வரும் ஒலி, ஒரு மணி நேரத்தில் 28.8 மெகாபைட் இடத்தையே அடைக்கும். 16 ஜிகாபைட் பென்டிரைவில் ஐந்நூறு மணிக்கு மேற்பட்ட உரைகளை வைக்கலாம்.

எடுத்துச் செல்லும் மென்பொருள்

சாதாரணமாக ஒரு மென்பொருளைக் கணிப்பொறியில் நிறுவினால், அது தன் குறிப்புகளைக் கணிப்பொறியின் பல இடங்களில் எழுதிவைக்கும். அதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவை. அலுவலகக் கணிப்பொறியும் பள்ளி ஆய்வகக் கணிப்பொறியும் நமக்குச் சொந்தமல்ல; அக்கடவுச்சொல் நம்மிடம் இராது. எடுத்துச் செல்லும் மென்பொருளோ தனக்கு வேண்டிய யாவற்றையும் தன் அடைவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே இயக்கலாம்.

இவ்வகையில் யாவரும் எளிதில் பெறத்தக்கது வி.எல்.சி. பாரிஸ் நகரின் எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய பணி அது. 2001இல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. இதில் 'மீடியா' பட்டியலிலுள்ள 'ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' என்பதைத் திறந்து, நிலையத்தின் ஒலியோடை முகவரியை இட்டால் கேட்கலாம். 'வியூ' பட்டியலில் 'அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ்' என்பதைக் குறித்தால் சிவப்பு வட்டப் பொத்தான் தோன்றும். அதை ஒருமுறை அழுத்தப் பதிவு தொடங்கும். மறுமுறை அழுத்த நிற்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. மென்பொருள் பென்டிரைவில் இருந்தாலும், நாம் வேறு இடம் குறிப்பிடாவிட்டால் பதிவான கோப்பு அக்கணிப்பொறியின் அடைவிலேயே போய்த் தங்கும். இக்கட்டுரையாளர் ஒருமுறை அரை மணி நேர உரையொன்றை ஒரு பள்ளியில் பதிந்துகொண்டு, மனநிறைவுடன் வீடு திரும்பிப் பென்டிரைவைத் திறந்தபோது அதில் எதுவும் இல்லை. உரை பள்ளியிலேயே இருந்தது; மறுநாள் முதல் விடுமுறை. ஆகவே முதல் வேலையாக, விருப்பத் தேர்வுகளில் 'ரெக்கார்ட் டைரக்டரி' என்னுமிடத்தில் பென்டிரைவின் அடைவைக் குறிப்பிடுக.

கேரளப் பள்ளிகளில் பணிபுரிவோர் மற்றொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் மாநில அரசு தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், 2017 முதல் 'கைட்' என்ற நிறுவனமாக இந்நகரிலிருந்தே இயங்கிவருகிறது. அது பள்ளிகளுக்கு அளிக்கும் இயக்கமுறைமை லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. விண்டோஸுக்கென ஆயத்தமான பென்டிரைவ் மென்பொருள் அதில் நேரடியாக இயங்காது. லினக்ஸுக்கு 'ஆப்இமேஜ்' எனும் ஒற்றைக் கோப்பு வடிவம் உண்டு; கோப்பின் பண்புகளில் இயக்க அனுமதி அளித்துவிட்டால் நிறுவாமலே இயங்கும். இரு முறைமைகளுக்கும் உரியவற்றை ஒரே பென்டிரைவில் வைத்திருத்தல் நலம். எதுவாயினும் அதை உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறவேண்டும். பல ஆய்வகங்களுக்குச் சென்றுவரும் பென்டிரைவ் நோய்க்கிருமியைப் பரப்பும் ஈயைப் போன்றது.

பதிவில் இருவகை உண்டு. வந்து சேரும் பொட்டலங்களை அப்படியே கோப்பில் சேர்ப்பது ஒன்று. இதில் ஒலியின் தரம் சிறிதும் குறையாது. ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலியைப் பிடித்து மறுபடியும் சுருக்கிப் பதிவது மற்றொன்று. இதில் தரம் சற்றுக் குன்றும். கணிப்பொறி எழுப்பும் மணியோசைகளும் உரையின் நடுவே புகுந்துவிடும். முதல் வகையே விரும்பத்தக்கது.

சட்டம் கூறுவது

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிபரப்பு நிறுவனத்துக்குத் தன் ஒலிபரப்பின்மீது 25 ஆண்டு உரிமை அளிக்கிறது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பதிவு செய்பவர் தம் சொந்த உபயோகத்துக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமோ ஒலிபரப்பைப் பதிவு செய்தால், அது அவ்வுரிமையை மீறியதாகாது. ஆசிரியர்கள் இதனைத் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் வகுப்புக்கெனப் பதிந்ததை வாட்ஸ்அப் குழுக்களில் ஊரெங்கும் அனுப்புவது இதில் அடங்காது. நிகழ்ச்சியில் வரும் பாடலுக்கும் நாடகத்துக்கும் தனியுரிமைகள் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

பதிவு செய்யத் தகாதவையும் உள. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்பகுதிகளைத் தாக்கியபோது மீனவர் பலர் கடலில் இருந்தனர். வானிலை அறிவிப்பு அந்தந்த வேளையில் கேட்கப்படவேண்டியது. நேற்றைய பதிவை இன்று கடற்கரையில் ஒலிக்கச் செய்தால் தீங்கே விளையும். மேலும், அலைவழி ஒலிபரப்பை ஒருவர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றே. இணையத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதி அனுப்பவேண்டும். கைபேசிக் கோபுரமோ மின்சாரமோ போனால் அதுவும் போய்விடும். மழைக்காலத்தில் களத்துக்குச் செல்வோர் பாட்டரியில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டரையும் உடன்கொண்டு செல்க.

பதிவான கோப்புக்கு மென்பொருள் தானே ஒரு பெயரை இடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியும், அதன்பின் நிலையத்தின் பெயரும் பொருளும் எழுதினால் கோப்புகள் தாமே காலமுறைப்படி அடுக்கிக்கொள்ளும். முதற்பதிவை ஐந்து நிமிட அளவில் செய்து, வேறொரு கணிப்பொறியில் ஒலிக்கச்செய்து பார்த்த பின்னரே, வேண்டிய நிகழ்ச்சிக்குக் காத்திருக்கலாம்.