பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி: செயற்கை நிறமிகளை அறியும் மின்வேதி உணரிகளின் பயனும் எல்லையும்

2024 பிப்ரவரி 17 அன்று தமிழக அரசு பஞ்சு மிட்டாய் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. மாதிரிகளில், துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமைன் பி கலந்திருப்பது கிண்டி அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் உறுதியானதே இதற்குக் காரணம். புதுச்சேரி சில நாட்கள் முன்னரே தடை செய்திருந்தது. மாநில ஆணையின் வீச்சு, சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தை அடுத்த ஆந்திர எல்லையோடு முடிகிறது. ரோடமைன் பி சாயத்தை உணவில் அனுமதிக்காத மத்திய விதிகளோ எல்லையின் இருபுறமும் செல்லும். ஆகவே அத்தகைய எல்லையோரக் கடைகளில், இளஞ்சிவப்பு நிறம் எந்தச் சாயத்தால் வந்தது என்பதே அறியப்பட வேண்டியதாகும்.

இதனைக் கண்ணால் அறிய இயலாது. அனுமதிக்கப்பட்ட எட்டுச் செயற்கை நிறமிகளுள் கார்மோசின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின் ஆகியனவும் சிவப்புச் சாயல் தருபவையே. நீர்ம வண்ணப்பிரிகை இவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். எனினும், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் பகுப்பாய்வாளருக்கு அளிக்கும் காலம் 14 நாட்கள். பஞ்சு மிட்டாயோ ஈரக்காற்றில் ஒரு நாள்கூட நில்லாது.

மின்வேதி உணரி இவ்விடைவெளிக்குரியது. கார்பன் மின்முனையின் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தும்போது, ஒவ்வொரு சாயமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் எலக்ட்ரானை இழக்கிறது. அங்கு மின்னோட்டம் உச்சம் காட்டுகிறது. உச்சத்தின் இடம் சாயத்தையும், உயரம் செறிவையும் சுட்டும். கார்மோசினின் ஹைட்ராக்சில் தொகுதி எளிதில் ஆக்சிஜனேற்றமடையும். அத்தொகுதி இல்லாத ரோடமைன் பி சாயத்திற்கு அதனினும் உயர்ந்த மின்னழுத்தம் தேவை. பஞ்சு மிட்டாய் பெரும்பாலும் சர்க்கரையே. அது இவ்வெல்லைக்குள் கார்பன் மின்முனையில் வினைபுரிவதில்லை. எனவே தாங்கல் கரைசலில் கரைத்தாலே அளவிடலாம். மிளகாய்த்தூளின் நிலை வேறு: காப்சைசினும் ஆக்சிஜனேற்றமடைவதோடு, எண்ணெய்ப் பொருள்கள் மின்முனையை மூடிவிடுகின்றன.

மஞ்சள் நிறமியான டார்ட்ரசின், ரோடமைன் பி சாயத்திற்கு நெருங்கிய மின்னழுத்தத்திலேயே ஆக்சிஜனேற்றமடைவதால், இரண்டும் கலந்த பண்டத்தில் உச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடும். டார்ட்ரசினின் அசோ பிணைப்பை எதிர் மின்னழுத்தத்தில் ஒடுக்கி இவற்றை வேறுபடுத்தலாம். ஆனால் கரைந்துள்ள ஆக்சிஜனும் அங்கு ஒடுங்குமாதலால், முதலில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதனை வெளியேற்ற வேண்டும். ஆய்வகத்தில் எளிதான இச்செயல் கடைவாசலில் எளிதன்று.

கிராபீன், உலோக ஆக்சைடு நுண்துகள்கள் ஆகியவற்றால் மின்முனையை மேம்படுத்தும் ஆய்வுகள் பலவும் கண்டறியும் எல்லையைக் குறைப்பதிலேயே முனைகின்றன. கடைச்சரக்கில் தூய சாயத்தைச் சேர்த்து, மீட்புச் சதவீதம் கணக்கிடுவதோடு அவற்றுட் பல நின்றுவிடுகின்றன. கண்ணுக்குப் புலப்படும் அளவு சாயமேறிய பண்டத்திற்கு அத்தனை நுண்மை வேண்டியதில்லை. கலவையில் பிழையின்றிப் பிரித்தறியும் தேர்திறனே வேண்டும். அதுவரை உணரியின் முடிவு, எந்த மாதிரியைப் பகுப்பாய்வுக் கூடத்திற்கு அனுப்புவது என்று தெரிவு செய்யவே உதவும்.