காலங்கடந்த சான்று

கண்ணகியின் சிலம்பை உடைத்து உண்மை கண்டபோது கோவலன் உயிரோடு இல்லை. மதுரைப் பெண்களாகிய நமக்கு இக்கதை புதிதன்று. கால்பந்து மைதானத்திலும் சான்று தாமதமாக வருவதுண்டு.

2024 ஜூன் 11 அன்று தோகாவில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா கத்தாரைச் சந்தித்தது. வென்றால் நம் அணிக்கு அடுத்த சுற்று உறுதி. 37-ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் அடித்தார். 73-ஆவது நிமிடத்தில் பந்து கோல் கம்பத்தின் அருகே எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே உருண்டது. கத்தார் வீரர் அதை உள்ளே இழுக்க, மற்றொருவர் கோலுக்குள் தள்ளினார். நம் வீரர்கள் முறையிட்டும் நடுவர் அதைக் கோல் என்றே அறிவித்தார். முடிவில் 2-1 எனத் தோற்று வெளியேறினோம். தொலைக்காட்சியில் கண்டவர்களுக்குத் தெரிந்த தவறு, தீர்ப்பளித்தவருக்குத் தெரியவில்லை.

இதற்காகவே ‘வீடியோ உதவி நடுவர்’ முறை 2018 உலகக் கோப்பையில் புகுத்தப்பட்டது. தனி அறையிலுள்ள நடுவர்கள் பல கேமராக்களின் படங்களை மீண்டும் ஓட்டிப் பார்ப்பார்கள். தெளிவான பிழை இருந்தால் மைதான நடுவரின் காதிலுள்ள கருவி வழியே தெரிவிப்பார்கள். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்கிற்கு மட்டுமே அப்போது இது இருந்தது. இறுதித் தீர்ப்பு மைதான நடுவருடையதே.

2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் இவ்வசதி இருந்தது. 2024-இன் அந்தத் தகுதிச் சுற்றில் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும். நடுவரைப் பழிக்க வேண்டாம். ஆனால், பெரிய போட்டிக்கு ஒரு தராசு, அதற்குச் செல்லும் வழியில் வேறொரு தராசு என்பது நீதியாகுமா, தோழியரே?