‘வீட்ல சொன்னா படிப்ப நிறுத்திடுவாங்க’

காலை ஏழு மணிக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ரோட்டோரம் நின்றால் இரண்டு வகை பஸ்களைப் பார்க்கலாம். ஒன்று ஷூ கம்பெனி பஸ், இன்னொன்று காலேஜ் பஸ். பல வீடுகளில் டிபன் பாக்ஸோடு அம்மா முதல் பஸ்ஸில் ஏறுகிறார், புத்தகப் பையோடு மகள் அடுத்ததில் ஏறுகிறாள். அம்மா நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைப்பவர். மகள் அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவள். அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் உதவித்தொகையும் அவள் கணக்கில் விழுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தை நம்பித்தான் பல வீடுகளில் ‘சரி, படிக்கட்டும்’ என்ற சம்மதமே கிடைத்தது.

அப்படிக் கிடைத்த சம்மதம் எவ்வளவு மெல்லியது என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். லேப் உதவியாளர் கையைப் பிடித்தாலும், சீனியர் ஒருவன் போட்டோவை வைத்து மிரட்டினாலும், பஸ்ஸில் ஒருவன் தினமும் உரசினாலும் அவள் மனதில் முதலில் ஓடுவது வீடுதான். ‘படிச்சது போதும், வீட்ல இரு’ என்று சொல்லிவிடுவார்களோ, அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணத்தை வைத்துவிடுவார்களோ என்ற பயம் அது. தவறு செய்பவனுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் அவன் துணிகிறான். எனவே வளாகத்தில் பாலியல் வன்முறையைத் தடுப்பது என்றால் இந்தப் பயத்தை உடைப்பதுதான் முதல் வேலை. காம்பவுண்டு சுவரை உயர்த்துவதெல்லாம் பிறகு.

அண்ணா பல்கலைக்கழக வழக்கை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2024 டிசம்பர் 23 இரவு, சென்னை கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளி ஞானசேகரன் வெளியாள், பக்கத்தில் பிரியாணிக் கடை நடத்தியவன். வீடியோ இருக்கிறது என்று மிரட்டினால் பெண் வாய் திறக்க மாட்டாள் என்பதுதான் அவன் கணக்கு. அந்த மாணவி மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவன்மீதான 11 குற்றச்சாட்டுகளும் நிரூபணமானதாகச் சொன்னது. ஜூன் 2 அன்று குறைந்தது 30 ஆண்டுகள் எந்தத் தண்டனைக் குறைப்பும் இல்லாத ஆயுள் சிறை விதித்தது. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பு. அந்த வேகத்துக்கு அடிப்படை ஒரு மாணவி மறுநாளே பேசியது.

ஆனால் பேசியவருக்கு நாம் என்ன செய்தோம்? அவருடைய பெயர், முகவரியோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. முதல் தகவல் அறிக்கையின் மொழியே அந்தப் பெண்ணைக் குற்றம்சாட்டுவதுபோல் இருக்கிறது என்று கண்டித்தது. இன்னொரு உத்தரவை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: அந்த மாணவியிடம் பல்கலைக்கழகம் எந்தக் கட்டணமும் வாங்காமல் அவர் படிப்பைத் தொடர வழிசெய்ய வேண்டும் என்பது. படிப்பு நிற்கக் கூடாது என்பதும் நீதியின் ஒரு பகுதி என்று நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், வி.லட்சுமிநாராயணன் அமர்வு உணர்ந்திருந்தது.

வேலூருக்கும் இந்தக் கதை புதிதில்லை. 2022 மார்ச்சில், காட்பாடியில் இரவுக் காட்சி சினிமா பார்த்துவிட்டு நண்பருடன் ஷேர் ஆட்டோவில் ஏறிய ஒரு பெண் மருத்துவர், ஆட்டோவில் இருந்தவர்களால் பாலாற்றங்கரைக்குக் கடத்தப்பட்டுக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அவர் இணையவழியில் புகார் அனுப்பினார். 2025 ஜனவரியில் வேலூர் நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா 20 ஆண்டு சிறை விதித்தது. அடுத்த மாதமே, கோவையிலிருந்து திருப்பதி செல்லும் இன்டர்சிட்டி ரயிலின் பெண்கள் பெட்டியில், ஜோலார்பேட்டையில் ஏறிய ஒருவனை எதிர்த்துப் போராடிய கர்ப்பிணியை அவன் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். வயிற்றுக் குழந்தை இறந்தது. நம் ஊர் மாணவிகள் தினமும் போய்வரும் தடம் அதுதான்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விதி வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் ‘வளாகம்’ என்பதை கேட்டுக்குள் அடைக்கவில்லை. கல்லூரி ஏற்பாடு செய்யும் பஸ், கல்விச் சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, கலை விழா, இன்டர்ன்ஷிப் எல்லாமே வளாகம்தான். கல்லூரி பஸ்ஸில் கிளீனர் தொந்தரவு செய்தாலும், தோல் தொழிற்சாலைக்கு ஒரு மாதப் பயிற்சிக்குப் போன இடத்தில் சூப்பர்வைசர் அத்துமீறினாலும், ‘வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று கல்லூரி கைகழுவ முடியாது. வெளியாள் உள்ளே வந்து செய்யும் தொந்தரவும் இந்த விதிக்குள் வருகிறது.

இந்த விதியின் மையம் உள்ளகப் புகார்க் குழு. மக்கள் வாயில் அது ‘விசாகா கமிட்டி’. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் 2013-இல் சட்டமாயின. அந்தப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. குழுவுக்கு மூத்த பெண் ஆசிரியர் தலைவர். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத ஊழியர் இருவர், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள். பாதிப் பேராவது பெண்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றோர் இதில் உறுப்பினராகவே கூடாது. காரணம் எளிது: கல்லூரியின் பெயரைக் காப்பாற்றுவது தன் வேலை என்று நினைப்பவர் விசாரணையில் உட்காரக் கூடாது.

எத்தனை கல்லூரிகளில் அப்படி இருக்கிறது? நோட்டீஸ் போர்டில் கட்டண அறிவிப்புக்கும் தேர்வு அட்டவணைக்கும் நடுவே ஒரு மஞ்சளடித்த தாள் ஒட்டியிருக்கும். அதிலுள்ள பேராசிரியை ஓய்வுபெற்றுப் போயிருப்பார். போன் நம்பர் அலுவலக நம்பராக இருக்கும், அதை எடுப்பவர் கிளார்க். ஒரு பெண் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு என்ன சொல்வாள்? மாணவப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடந்ததா என்று கேட்டால் பல இடங்களில் விழிப்பார்கள்.

குழு பெயருக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக் கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி சாட்சி. 2023-இல் புகார்கள் பேசப்பட்டபோது, உள்ளகக் குழு பார்த்துவிட்டது, குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமில்லை என்றுதான் நிர்வாகம் முதலில் சொன்னது. மார்ச் இறுதியில் மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடினார்கள். மாநில மகளிர் ஆணையத் தலைவர் நேரில் போனபோது ஏறத்தாழ 90 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஏப்ரலில் உதவிப் பேராசிரியர் ஒருவர் கைதானார். அதே மாணவிகள், அதே வளாகம். கேட்கிற ஆள் மாறியதும் வாய் திறந்தது.

மதிப்பெண் கையில் இருப்பவரை எதிர்த்து எப்படிப் புகார் கொடுப்பது என்பது அடுத்த தயக்கம். 2018-இல் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் ஓர் உதவிப் பேராசிரியை மாணவிகளைத் தவறான வழிக்கு இழுக்க மதிப்பெண்ணையும் பணத்தையும் காட்டிப் பேசிய ஒலிப்பதிவு வெளியானதும், 2024 ஏப்ரலில் அவருக்கு 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டதும் நினைவிருக்கும். இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. விசாரணை நடக்கும்போதே, குற்றம்சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் தேர்வுத்தாளைத் திருத்தவோ மதிப்பிடவோ கூடாதென்று குழு தடுக்கலாம். மாணவிக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரப் பரிந்துரைக்கலாம். விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். பெயர், விவரம் எதுவும் வெளியே போகக் கூடாது. சமரசம் என்பது அந்தப் பெண் தானாகக் கேட்டால்தான், அப்போதும் பணத்தை வைத்துப் பேசி முடிக்கக் கூடாது. புகார் நிரூபணமாகவில்லை என்பதற்காகவே அது பொய்ப் புகார் ஆகிவிடாது; சட்டம் இதைத் தனியாகவே சொல்லிவைத்திருக்கிறது. ‘நிரூபிக்க முடியலைன்னா உன் மேலயே கேஸ்’ என்று ஒரு மாணவியை மிரட்டுகிறவர், அவர் யாராக இருந்தாலும், பொய் சொல்கிறார்.

பையன்களையும் சேர்த்தே பேச வேண்டும். 2022-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களை உள்ளாடையோடு நடக்கவைத்த ராகிங் வீடியோ வெளியானது. சீனியர்கள் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2013 சட்டம் பெண்களுக்கானது. ஆனால் மானியக் குழுவின் விதி, மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூடப் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகிறார்கள் என்பதை ஏற்று, எல்லாப் பாலினத்தாருக்கும் எதிரான வன்முறையில் கல்லூரி உறுதியாக நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்க 1997-லிருந்தே தனிச் சட்டமும் உண்டு. ‘ஆம்பளப் பையன், இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று சிரித்து ஒதுக்கும் வார்டன், நாளை பெண்கள் புகாரையும் அப்படித்தான் ஒதுக்குவார்.

விழிப்புணர்வு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் மார்ச் 8 அன்று ஒரு பேனர், ஒரு சிறப்பு விருந்தினர், ஒரு பொன்னாடை. இதனால் பெரிதாக எதுவும் மாறாது. 2014-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் 140 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வோடு முடியும் குறுகிய நிகழ்ச்சிகள் நடத்தையை மாற்றுவதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகளுக்கு நான்கு அமர்வுகளில் 12 மணி நேரம் பயிற்சி தந்தார்கள். தெரிந்தவன் எல்லை மீறும்போது அதை அடையாளம் காண்பது, ‘நாமே இடம் கொடுத்துட்டோமோ’ என்ற குற்றவுணர்ச்சியைத் தள்ளிவைத்துத் தடுப்பது, உடலால் எதிர்ப்பது எல்லாம் அதில் இருந்தன. ஓராண்டுக்குப் பின், பயிற்சி பெறாத குழுவில் 9.8 சதவீதமாக இருந்த வன்கொடுமை, பயிற்சி பெற்றவர்களிடையே 5.2 சதவீதமாக இருந்தது. 2015-இல் வெளியான முடிவு இது. ஒரு செமஸ்டரில் 12 மணி நேரம் ஒதுக்குவது எந்தக் கல்லூரிக்கும் முடியாத காரியமல்ல. பையன்களுக்கும் பஸ் டிரைவர், செக்யூரிட்டி, கேன்டீன் ஊழியர்களுக்கும் வேறு பாடம் வேண்டும்: கண்ணெதிரே நடக்கும்போது எப்படிக் குறுக்கிடுவது, யாரிடம் சொல்வது என்று.

இதையெல்லாம் விட்டுவிட்டுப் பெண்கள் விடுதிக்கு மட்டும் மாலை ஆறரை மணிக்குப் பூட்டுப் போடுவது நம்மூர்ப் பழக்கம். மானியக் குழுவின் அதே விதி இதைத் தடுக்கிறது: பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்கள் விடுதியில் இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது. வெளிச்சம் வேண்டும், பெண் காவலர்கள் வேண்டும், நேரத்துக்கு பஸ் வேண்டும் என்பதுதான் அது கேட்பது. பூட்டு போட்டால், நேரம் தாண்டி நடந்த எதையும் அந்தப் பெண் சொல்லவே மாட்டாள். ‘அந்த நேரத்துல அங்க என்ன வேலை?’ என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாவின் பஸ்ஸுக்கும் வருவோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்தக் கம்பெனியிலும் உள்ளகக் குழு கட்டாயம். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு பட்டறை என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாவட்டங்களிலும் இவற்றை அமைக்கக் கெடு வைத்தது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு திருப்பத்தூரும், மேல்விஷாரம், வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டையும் மாவட்டத் தலைநகர். தைக்கும் லைனில் டார்கெட்டைச் சொல்லித் தோளில் கை வைக்கும் சூப்பர்வைசரைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்ட அம்மா, மகளுக்கும் பொறுமையையே சொல்லித்தருவார். அதனால்தான் கம்பெனியில் கமிட்டி இயங்குவது கல்லூரி மகளுக்கும் பாதுகாப்பு. கல்லூரிச் சேர்க்கையின்போது பஸ் ரூட், ஃபீஸ் கேட்கிற பெற்றோர் கமிட்டித் தலைவரின் பெயரையும் போன் நம்பரையும் மகள் காதுபடக் கேட்டு வாங்கலாம். வீட்டில் சொல்லலாம் என்று அவளுக்குப் புரிந்துவிடும்.

ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியது: குளிக்கவோ உடையைத் துவைக்கவோ வேண்டாம், உடையைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் பக்கத்துத் தனியார் மருத்துவமனையானாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். முதல் தகவல் அறிக்கை கொண்டுவா என்று திருப்பி அனுப்பக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தாமதம் வேண்டாம். இருவிரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2022-இல் தடைசெய்துவிட்டது. எந்தக் காவல் நிலையத்திலும், அது எல்லை தாண்டிய இடமானாலும், புகார் கொடுக்கலாம். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திடலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மகளிர் உதவி எண் 181. கல்லூரிக் குழுவிடம் என்றால் மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அவளால் எழுத முடியாத நிலையென்றால் தோழியோ உறவினரோ எழுதிக் கொடுக்கலாம். வன்கொடுமைக் குற்றத்துக்குக் காவல் நிலையத்தில் இந்த மூன்று மாதக் கணக்கெல்லாம் கிடையாது.