நாய்க்குட்டிக்கு ஓர் உத்தரவாதச் சீட்டு

மின்விசிறி வாங்கினால் உத்தரவாதச் சீட்டில் கடையின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கின்றோம். பட்டுப்புடவை வாங்கினால் சாயம் நிற்குமா என்று நாலு முறை கேட்கின்றோம். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு கூடி வாழப்போகும் ஓர் உயிரை விலை கொடுத்து அழைத்து வரும்போது மட்டும், அதன் கண்ணழகில் மயங்கி, கேட்க வேண்டியவற்றைக் கேளாமல் வந்துவிடுகின்றோம்.

நமது இல்லத்தில் நிகழ்ந்ததையே இங்கே சொல்லுகிறோம். பிறருக்குப் பயன்படுமாயின் அதில் வெட்கம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், குழந்தையின் பிடிவாதத்திற்கு இணங்கி, நகரின் புறத்தே நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கினோம். "எல்லா ஊசியும் போட்டாயிற்று, ஏதாவது ஆனால் வேறு குட்டி தருகிறோம்" என்று அவர் வாய்மொழியாக உறுதி கூறினார். குழந்தை அதற்கு மணி என்று பெயரிட்டது. ஐந்தாம் நாள் மணி உண்ண மறுத்தது. வாந்தியும் இரத்தபேதியும் கண்டன. ஏழாம் நாள் இறந்தது. விற்றவர் சொல் தவறவில்லை. உடனே வேறொரு குட்டி கொடுத்தார். மூன்று வாரங்களுக்குள் அதுவும் அவ்வாறே மடிந்தது.

விற்றவர் தாம் கொடுத்த உத்தரவாதத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். அந்த உத்தரவாதமே இரண்டாவது குட்டியின் உயிரைக் குடித்தது. ஏன் என்பதைப் பின்னரே மருத்துவர் விளக்க அறிந்தோம். அந்நோயின் பெயர் பார்வோ. 1978ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டு, விரைவில் உலகெங்கும் பரவிய நோய் அது. நோயுற்ற குட்டியின் கழிவில் வெளிப்படும் அந்தக் கிருமி, தரையிலும் தோட்டத்து மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் கிடக்கும். சாதாரண சோப்புக்கு அது அஞ்சுவதில்லை. பிளீச்சிங் கரைசலுக்கே அஞ்சும். கிருமி நிறைந்த வீட்டிற்குள், தடுப்பூசி முற்றுப்பெறாத மற்றொரு குட்டியைக் கொண்டு வருவது, அதைத் தெரிந்தே நெருப்பில் இறக்குவது போலாகும். ஆதலின் "குட்டிக்குக் குட்டி" என்னும் வாக்குறுதியை நேயர்கள் உத்தரவாதமாகக் கொள்ள வேண்டாம் என்பதே நாம் முதலில் கூற விரும்புவது.

இரண்டாவது, "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்னும் சொல். இரண்டு மாதக் குட்டியைப் பற்றி இவ்வாறு கூறினால் அது உண்மையாக இருக்க இயலாது. தாய்ப்பாலின் வழியே குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி சில வாரங்கள் வரை தடுப்பூசியின் பயனை மறைத்துவிடும். அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுபடும். அதனாலேயே 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசியும், பின்னர் 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறையாக 16 வாரம் வரையில் தொடர் ஊசிகளும் போடப்படுகின்றன. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி ஏறத்தாழ மூன்று மாதத்தில் வருகிறது. ஆக, குட்டி வாங்கும் நாளில் எந்த ஊசி, எந்தத் தேதியில், எந்த மருத்துவர் கையால் போடப்பட்டது என்று காட்டும் ஏடு நம் கைக்கு வர வேண்டும். எஞ்சிய ஊசிகள் நம் பொறுப்பு.

மூன்றாவது, கால அளவு. "மூன்று நாள் கியாரண்டி" என்று சிலர் தாராளமாகக் கூறுவதுண்டு. பார்வோ நோய் உடலில் புகுந்தபின் வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களும், சில வேளை 14 நாட்களும் ஆகும். டிஸ்டெம்பர் நோய்க்கு ஒன்றிரண்டு வாரங்களோ அதற்கு மேலுமோ ஆகலாம். விற்பவர் வீட்டிலேயே பற்றிய நோய் நம் வீட்டில் வெளிப்படுமுன்பே காலாவதியாகும் உத்தரவாதத்தால் யாருக்கு என்ன பயன்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் நோய்களுக்கு 15 நாட்களும், பிறவிக் குறைகளுக்கு ஓராண்டும் விற்பவரைப் பொறுப்பாக்குகின்றது. நம் நாட்டில் இத்தகைய தனிச் சட்டம் இல்லை. ஆதலின் அந்த அளவை நாமே கேட்டு எழுதி வாங்க வேண்டியதாகின்றது.

எனினும் நம் நாட்டுச் சட்டம் நம்மை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றலாகாது. 18 மாதம் நிறையாத பெண் நாயை ஈனச் செய்தலாகாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேலும் கூடாது. ஆகவே பதிவுச் சான்றையும் தாய் நாயையும் காட்டுமாறு கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் குட்டி வாங்காமல் திரும்புவதே நன்று.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் சான்றிதழைக் காட்டிச் சிலர் அதிக விலை கூறுவர். அது குட்டியின் குலத்தை உரைக்கும் சான்று; நலத்தை உரைக்காது. நல்ல குலத்துக் குட்டிக்கும் பிறவிக் குறை இருக்கலாம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவதுண்டு. நம் தென்பாண்டிச் சீமையின் பெருமையாகிய வெண்ணிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

சீட்டில் எழுதப்பட வேண்டியவை யாவை? விற்பவரின் பெயர், முகவரி, பதிவு எண், குட்டியின் பிறந்த தேதி, மைக்ரோசிப் எண், கொடுத்த தொகை, வாங்கிய மூன்று நாட்களுக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் மருத்துவர் நோய் கண்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்னும் உறுதி, 15 நாட்களுக்குள் தொற்று நோய் கண்டால் பணமோ மருத்துவச் செலவோ, இரண்டில் எது என்பது நம் விருப்பம், பிறவிக் குறைக்கு ஓராண்டுப் பொறுப்பு. இவை ஒரே தாளில் அடங்கும். அத்தாள் நாம் படிக்கக்கூடிய மொழியில் இருத்தல் வேண்டும். தெலுங்கு பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் நம்மில் பலர். அத்தகையோர், படிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்வதில் தவறில்லை.

நம் கடமையும் உண்டு. குட்டி வந்த ஓரிரு நாட்களுக்குள், நாராயணகுடாவிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனையிலோ தமக்கு அறிமுகமான மருத்துவரிடமோ காட்டிக் குறிப்புப் பெறுக. ரசீதுகளைப் பத்திரப்படுத்துக. குட்டி இறந்துவிடின், துயரத்தின் நடுவிலும் பிரேத பரிசோதனை செய்வித்துக் காரணத்தை எழுதி வாங்குக. அச்சான்றின்றி வழக்கு நிற்பது அரிது.

விற்பவர் வாக்குத் தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். நாம் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே முறையிடலாம். விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வெளியூரில் வந்து வாழும் நமக்கு இது பெரும் ஆறுதல் அன்றோ?

நம் வீட்டில் இப்போது இருப்பது மூன்றாவது நாய். ஓராண்டு காத்திருந்து, வீட்டைக் கழுவி, சீட்டு எழுதி வாங்கியபின் வந்தது. அதற்குப் பெயர் வைக்கக் குழந்தை வெகு நாள் தயங்கிற்று. மருத்துவர் பார்த்து, பதினைந்து நாட்களும் கழிந்த பின்னரே பெயர் வைத்தது. அந்தத் தயக்கத்தை மற்றொரு குழந்தைக்கு நேராமல் காக்கவே இதை எழுதினோம்.